மபுயாவிலிருந்து பிரிந்த அரணைகள்

தோட்டத்துச் சருகில் சரசரவென்று ஓடி மறையும் அரணைக்கு நஞ்சு கிடையாது. இருந்தாலும் அந்தப் பழி அதை விடுவதாயில்லை. 1801-இல் ஜெர்மானியர் ஷ்னைடர் விவரித்த இதன் இன்றைய அறிவியல் பெயர் யூட்ரோபிஸ் காரினாட்டா. பழைய நூல்களில் தேடினால் மபுயா காரினாட்டா என்றுதான் கிடைக்கும்.

மபுயா என்ற பேரினம் அன்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்ட கோணிப்பை. ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, கேப் வெர்டி தீவுகள் என்று எங்கு பிடிபட்டாலும், நான்கு காலும் ஒழுங்காக உள்ள நடுத்தர அரணைகள் பெரும்பாலும் அதற்குள் போயின. வகைப்பாட்டாளர்களைக் குறை சொல்லவும் முடியாது. நடு உடலைச் சுற்றி எத்தனை செதில் வரிசை (நம் அரணைக்கு 30 முதல் 34), செதிலில் எத்தனை வரம்பு, கீழிமையில் ஒளி ஊடுருவும் வட்டம் உண்டா என்று பார்ப்பதே அன்றைய வழி. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க இது போதும். கண்டம் தாண்டிய உறவைக் கண்டுபிடிக்கத்தான் போதாது; இந்த அரணைகளின் உடலமைப்பு அவ்வளவு குறைவாகவே மாறியிருக்கிறது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு தீவு அரணை. பிரேசில் கரையிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, பெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் வாழ்வது அது. 2002-இல் ஜெர்மானிய, பிரேசில் ஆய்வாளர்கள் அதன் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, நெருங்கிய உறவினர்கள் எதிர்க்கரை ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். மிதக்கும் மரம், செடிகொடிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து வந்திருக்க வேண்டும். அதே ஆய்வு மபுயாவை நான்காகப் பிரித்தது. ஒரு பேரினம் உடையும்போது அதன் வகைமாதிரி இனம் இருக்கும் கிளைக்கே பழைய பெயர் சேரும் என்பது விதி. மபுயாவின் வகைமாதிரி இனம் அமெரிக்கக் கிளையில் இருந்தது; எனவே அந்தப் பெயர் அமெரிக்காவோடு நின்றது. ஆசியாவுக்கு யூட்ரோபிஸ், கேப் வெர்டிக்குக் கியோனினியா. ஆப்பிரிக்கக் கிளைக்கு வைத்த யூப்ரெபிஸ் மட்டும் மறு ஆண்டே செல்லாமல் போய், டிராக்கிலெபிஸ் ஆனது.

இந்தப் பிரிவினை சரியென்றே எனக்குப் படுகிறது. நம் அரணை முட்டையிடும். அமெரிக்க மபுயாவின் கரு முட்டையோ ஒரு மில்லிமீட்டர் அளவுதான்; குட்டிக்கான ஊட்டம் ஏறக்குறைய முழுவதும் பாலூட்டிகளுக்கு இருப்பதுபோல் நஞ்சுக்கொடி வழியாகவே போகிறது. ஆனால் 2012-இல் அந்த அமெரிக்கக் கிளையையே 16 பேரினங்களாக உடைத்ததை எல்லோரும் ஏற்கவில்லை. 2016-இல் வந்த ஆய்வு, பழைய மபுயாக் கூட்டம் முழுவதும் ஆசியாவில் தோன்றிப் பரவியதாகக் காட்டியது. கூடவே யூட்ரோபிஸிலிருந்து மியான்மர்ப் பக்கத்து இனம் ஒன்றையும் பிரித்து, டோயெனயார் என்ற தனிப் பேரினத்தில் வைத்தது.