நுரையீரல் புற்றுநோய் எப்படி உருவாகிறது? நோயின் போக்கைச் சொல்லும் அடையாளங்கள் எவை?

2013ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி காலை, ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்தான நிலை என்பது கணக்கு. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து ஊரையே மூடியது. மூவார், லேடாங் ஆகிய இரு மாவட்டங்களிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. வாய்க்கவசம் அணிந்தபடியே மக்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மாசடைந்த வெளிக்காற்றைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாசும் இருக்கும் பிரிவு அது. மூவார் புகைக்கும் இந்த அறிவிப்புக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் புகைமூட்டம் வரும்போதெல்லாம் தென் ஜொகூர் மக்கள் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் புகையைச் சுவாசித்தால் புற்றுநோய் வருமா?"

ஒரு வாரப் புகையைச் சுட்டிக்காட்டி, இன்னாருக்கு இதனால்தான் புற்றுநோய் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதற்காக அந்தக் கேள்வி வீணான கேள்வி ஆகிவிடாது. நுரையீரல் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி விஞ்ஞானிகள் கொண்டிருந்த எண்ணமே கடந்த சில ஆண்டுகளில் பாதி மாறிவிட்டது.

சிகரெட் செய்யும் வேலை

மாறாத பாதியை முதலில் பார்ப்போம். 1950ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகிய இருவரும், நுரையீரல் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் புகைப்பவர்கள் என்பதை மருத்துவமனைக் கணக்குகளைக் கொண்டு காட்டினார்கள். புகை அந்த உயிரணுவுக்குள் என்ன செய்கிறது என்பது தெரிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. புகையிலுள்ள பென்சோபைரின் என்னும் பொருள் உடலுக்குள் சென்று வேதிமாற்றம் அடைந்து, பி53 என்ற மரபணுவின் சில குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொள்வதை 1996இல் கண்டார்கள். நோயாளிகளின் புற்றுக்கட்டிகளில் அந்த மரபணு பழுதாகியிருந்த இடங்களும் அதே இடங்கள்தாம். திருடனின் கைரேகை அகப்பட்டது போன்ற சான்று அது.

பி53 என்பது உயிரணுவின் காவல்காரன். பழுதான உயிரணு பெருகாமல் தடுப்பதும், தேவைப்பட்டால் அதை அழித்துவிடுவதும் அதன் வேலை. காவல்காரனை வீழ்த்திவிட்டால் மற்றவை எளிது. நாளொன்றுக்கு ஒரு பெட்டி சிகரெட் புகைப்பவரின் ஒவ்வொரு நுரையீரல் உயிரணுவிலும் ஆண்டுக்குச் சுமார் 150 மரபணு மாற்றங்கள் சேர்கின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இருபது ஆண்டு புகைத்தவரின் நிலையை அவரவரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாற்றங்கள் எல்லாமே புற்றாக மாறுவதில்லை. உயிரணுவை ஓயாமல் பெருகச் சொல்லும் மாற்றங்கள் ஒரு சிலவே. அவை சரியான இடத்தில் விழுந்தபின்னும் கட்டி வளரக் காலம் எடுக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறக்குறைய நூறு கோடி உயிரணுக்கள் உள்ளன. ஓர் உயிரணு அந்த எண்ணிக்கையை எட்ட முப்பது முறை இரட்டிப்பாக வேண்டும். முதல் மாற்றம் நிகழ்ந்து இருபது ஆண்டுக்கு மேல் ஓசையின்றிக் கிடந்து, பிறகு தலைதூக்கிய கட்டியை 2014இல் லண்டன் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். "நான் சிகரெட்டை விட்டுப் பத்து வருசமாச்சே, எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்பவருக்கான பதில் இதில் இருக்கிறது.

அப்படியானால் விட்டு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. நம் கோப்பிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாதம் இது. தவறான வாதம். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகைப்பதை விட்டவர்களின் மூச்சுக்குழாயில் புகையின் தழும்பே இல்லாத உயிரணுக்கள் மீண்டும் பெருகி இடம் பிடிப்பதைக் காட்டியது. இன்னும் புகைப்பவர்களைவிட விட்டவர்களிடம் இத்தகைய நல்ல உயிரணுக்களின் பங்கு நான்கு மடங்கு இருந்தது. பழுதான உயிரணு திருந்துவதில்லை. ஒதுங்கிக் கிடந்த நல்ல உயிரணு வெளியே வருகிறது. டால் தொடங்கிய நீண்டகால ஆய்வின் கணக்குப்படி, 50 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய 6 ஆண்டு ஆயுள் கூடுகிறது. 30 வயதில் விட்டால் 10 ஆண்டு.

புகைக்காதவருக்கு ஏன் வருகிறது?

மாறிய பாதி இங்கேதான் இருக்கிறது. சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. கிழக்காசியாவில் இது மிகவும் கூடுதல். மலேசியாவிலும் இப்படிப்பட்ட நோயாளிகள் குறைவில்லை. ஊர்வாய் இவர்களிடம் கொஞ்சம் கொடுமையாகவே நடந்துகொள்கிறது. நோய் வந்தாலே ஏதோ மறைவாகப் புகைத்திருப்பார் என்கிற பார்வை.

லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிலையத்தின் சார்ல்ஸ் ஸ்வாண்டன் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் புதிரில் ஒரு கதவைத் திறந்தது. இங்கிலாந்து, தென் கொரியா, தைவான் நாடுகளில் இ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றமுள்ள ஏறத்தாழ 33,000 நோயாளிகளின் விவரங்களை அவர்கள் திரட்டினார்கள். காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் கூடக்கூட, அந்தந்த வட்டாரத்தில் இவ்வகைப் புற்றுநோயும் கூடியது. தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாத துகள் இது.

வியப்பு அதுவன்று. புற்றுநோய் இல்லாத நுரையீரல் திசுவையும் அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 18 விழுக்காட்டு மாதிரிகளில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றமும், 53 விழுக்காட்டில் கேராஸ் மாற்றமும் ஏற்கெனவே இருந்தன! வயது ஏற ஏற இந்த மாற்றங்கள் தாமாகவே சேர்கின்றன. அத்தகைய உயிரணுக்கள் தூங்கிக் கிடக்கின்றன. நுண்துகள் செய்வது புதிய மாற்றத்தை உண்டாக்குவது அன்று, தூங்குவதை எழுப்பிவிடுவது. துகள் நுழைந்ததும் நுரையீரலில் அழற்சி ஏற்படுகிறது. அப்போது இன்டர்லூக்கின் 1 பீட்டா என்னும் பொருள் சுரந்து, மாற்றமடைந்த உயிரணுவைப் பெருகத் தூண்டுகிறது. எலிகளுக்கு அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது புற்று உருவாகவில்லை.

விதை ஒன்று, அதை முளைக்கவைக்கும் ஈரம் ஒன்று என்கிற கருத்து 1940களிலேயே சொல்லப்பட்டதுதான். அதை மனித நுரையீரலில் காட்ட எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இப்போது மூவாருக்குத் திரும்புவோம். இந்த ஆய்வு பேசுவது ஆண்டுக்கணக்கான சுவாசத்தைப் பற்றி. ஆகவே ஒரு வாரம் 746ஐத் தொட்டதைக் காட்டிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும் தொழிற்பேட்டை அருகிலும் நாள்தோறும் சுவாசிக்கும் காற்றுதான் அதிகம் கவலைப்பட வேண்டியது. பி.எம். 2.5 நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. மலேசியா தனக்கு வகுத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டுத் தரம் 15.

"டாக்டர், இன்னும் எவ்வளவு நாள்?"

நோய் உறுதியானதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இது. பெரும்பாலும் நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மூத்த மகன் கேட்பார். பதில் சொல்ல மருத்துவர் எதைப் பார்க்கிறார்?

முதலில் நோயின் கட்டம். இன்றுவரை இதைவிட வலுவான அடையாளம் வேறில்லை. உலக நாடுகளில் 1999 முதல் 2010 வரை நோய் கண்டவர்களின் கணக்குப்படி, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத முதல் கட்டக் கட்டியுள்ளவர்களில் 92 விழுக்காட்டினர் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். நான்காம் கட்டத்தின் தொடக்கத்தில் அது 10 விழுக்காடு. மலேசியாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அதனால்தான் சுகாதார அமைச்சு 2018இல் வெளியிட்ட ஆய்வில் இந்நோயாளிகளின் ஐந்தாண்டு ஆயுள் விகிதம் வெறும் 11 விழுக்காடாக இருந்தது. நம் நாட்டில் இந்தியர்களுக்கு இந்நோய் சீனர், மலாய்க்காரரைவிடக் குறைவு என்பது பதிவேட்டுக் கணக்கு. அதைக் கேட்டு அசட்டையாக இருந்துவிடுபவர்களும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

கட்டத்துக்கு அடுத்து நோயாளியின் நடமாட்டம், உடல் எடை இழப்பு, எவ்வகைப் புற்று என்பதெல்லாம் வரும். சிறு உயிரணு வகை வேகமாகப் பரவும். இரத்தத்தில் எல்.டி.எச். கூடியிருந்தாலும் நல்ல அறிகுறியன்று.

இதற்கப்பால்தான் மரபணு. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோய் எப்படிப் போகும் என்று சொல்லும் அடையாளம் ஒருவகை. எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லும் அடையாளம் வேறுவகை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் பலர். இரண்டாவது வகையே நோயாளிக்கு அதிகம் பயன்படுவது.

2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. மலேசியா உள்ளிட்ட ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 நோயாளிகள் அதில் பங்கெடுத்தனர். பெரும்பாலோர் புகைக்காதவர்கள். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களுக்கு ஜெஃபிட்டினிப் மாத்திரை கொடுத்தபோது நோய் 9.5 மாதம் அடங்கியிருந்தது. கீமோ சிகிச்சையில் 6.3 மாதம். மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரையில் 1.5 மாதம்தான், கீமோவில் 5.5 மாதம். சோதனை செய்யாமல் மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை இந்த எண்களே சொல்கின்றன. மலேசியாவில் அடினோ வகை நுரையீரல் புற்றுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு இந்த மாற்றம் இருப்பதை உள்நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஜப்பானியர்கள் 2007இல் கண்டுபிடித்த ஏ.எல்.கே. மாற்றம் இருபதில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். ஆனால் அது இருப்பவருக்கு லோர்லாட்டினிப் மருந்து கொடுத்தபோது, நோய் முற்றிய நிலையிலும் 60 விழுக்காட்டினருக்கு ஐந்தாண்டு வரை நோய் மேலும் வளரவில்லை என 2024இல் அறிவிக்கப்பட்டது. மேலே சொன்ன 10 விழுக்காட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பழைய கணக்கு இத்தகைய மருந்துகள் பரவுவதற்கு முன் எடுக்கப்பட்டது. ஆகவே, "நாலாவது ஸ்டேஜா, முடிந்தது" என்று பேசும் உறவினர் பழைய கணக்கைத்தான் பேசுகிறார்.

பி.டி.-எல்.1 என்னும் புரதம் கட்டியில் 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து கைகொடுக்கலாம். இதை முதன்மைச் சிகிச்சையாகப் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஐந்தாண்டு வாழ்ந்தனர். கீமோவில் தொடங்கியவர்களில் அது 16 விழுக்காடு.

அறுவைச் சிகிச்சை செய்தபின் யாருக்கு நோய் திரும்பும் என்பதுதான் இன்னும் கடினமான கேள்வி. ஸ்வாண்டன் குழுவினரே 2017இல் 100 நோயாளிகளின் கட்டிகளைப் பல துண்டுகளாக்கி ஆராய்ந்தார்கள். மரபணு மாற்றங்களின் எண்ணிக்கை துண்டுக்குத் துண்டு வேறுபட்டது நோய் திரும்புவதை முன்கூட்டிச் சொல்லவில்லை. குரோமோசோம்களின் பகுதிகள் கூடியும் குறைந்தும் துண்டுக்குத் துண்டு மாறியிருந்தவர்களுக்கே நோய் திரும்பும் ஆபத்து அதிகமாக இருந்தது. ஒரே கட்டிக்குள் பல குடும்பங்கள்! ஊசியால் ஓர் இடத்தில் எடுக்கும் சதைத்துணுக்கு முழுக்கதையையும் சொல்லாமல் போவதற்கு இதுவே காரணம்.

செலவு என்பது மறைக்க முடியாத விஷயம். புதிய மாத்திரைகளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. அரசாங்க மருத்துவமனையில் எல்லா மருந்தும் எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உள்ளது. அங்கோ வேறெங்கோ சிகிச்சை பெறுபவர், எடுத்த சதைத்துணுக்கில் எந்தெந்த மரபணுச் சோதனை செய்யப்பட்டது, முடிவு என்ன என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கீமோவைத் தொடங்குமுன் கேட்பது நல்லது.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, குரல் கம்மல் இருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்துப் பதிந்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். காசநோய் என்று மருந்து சாப்பிட்டும் நிழல் மறையவில்லை என்றால் மீண்டும் போய்க் காட்ட வேண்டும்.