மூக்கைத் தூக்கினால் மட்டும் போதுமா? பழைய கமாரோவும் அதன் முன்சக்கரக் கோணங்களும்

டிராக் ரேஸ் வீடியோ பார்க்காத மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட் ஆளு யாராவது இருக்கீங்களா? பச்சை விளக்கு எரியும், ஒரு பழைய அமெரிக்கக் கார் மூக்கைத் தூக்கிக்கிட்டுச் சீறும், பின்சக்கரத்துல புகை கிளம்பும். கால் மைல், அதாவது 402 மீட்டர், பதினோரு செகண்டுல முடிஞ்சிடும். வீடியோவும் பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சிடும். ஆனா கோட்டைத் தாண்டும்போது அந்த வண்டி மணிக்கு 190 கிலோமீட்டர் சுமாருக்குப் போய்க்கிட்டிருக்கு. அதுக்கப்புறம்தான் டிரைவர் பிரேக்கை மிதிக்கப் போறார். முன் சஸ்பென்ஷன்ல கை வைக்கிறவங்க முதல்ல நினைச்சுப் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்குவோம். 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோ. வீல்பேஸ் 108 இன்ச், நம்ம கணக்குல 2743 மி.மீ. முன்பக்கம் நீளம் குறைஞ்ச அப்பர் ஆர்ம், நீளமான லோயர் ஆர்ம், நடுவுல காயில் ஸ்பிரிங். பாஹா டீம்ல இருக்கிறவங்களுக்கு இந்த அமைப்பு புதுசா இருக்காது. ஸ்டீயரிங் லிங்கேஜ் சக்கர அச்சுக்குப் பின்னால இருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையைத் தீர்த்துடுவோம். மூக்கு தூக்குறதாலதான் எடை பின்னால போகுதுன்னு பலர் நினைக்கிறாங்க. எடை பின்னால போறதுக்குக் காரணம் முடுக்கம். நிறை × முடுக்கம் × ஈர்ப்பு மையத்தோட உயரம் ÷ வீல்பேஸ், அவ்வளவுதான் சூத்திரம். டிரைவரோட சேர்த்து 1500 கிலோ, ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்துல, முடுக்கம் 1 ஜி என்று வைத்தால் சுமார் 300 கிலோ பின்னால போகும். இதுல மூக்கு 10 செ.மீ. எழும்பினா ஈர்ப்பு மையம் 5 செ.மீ. போல உயரும். அதனால கூடுதலாகக் கிடைக்கிறது 27 கிலோ. ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது, ஆனா 300 பக்கத்துல வெச்சுப் பாருங்க.

1960-களின் அமெரிக்காவுல ‘கேஸர்’னு ஒரு வகை வண்டி இருந்துச்சு. முன்பக்கத்தைக் கழட்டிப் போட்டுட்டு லாரி மாதிரி ஒரே துண்டு அச்சை மாட்டி, மூக்கை எப்பவுமே வானம் பார்க்க வெச்சிருப்பாங்க. சூத்திரத்துல இருக்கிற உயரத்தைப் பிடிச்சுக்கிட்டவங்க அவங்க. 1965-ல கிரைஸ்லர்காரங்க வீல்பேஸ் பக்கம் போனாங்க. டாட்ஜ், பிளிமத் கார்கள்ல முன் அச்சை 10 இன்ச்சும் பின் அச்சை 15 இன்ச்சும் முன்னால தள்ளிட்டாங்க. பார்க்க விசித்திரமா இருந்த அந்த வண்டிகளைப் பார்த்துத்தான் ‘ஃபன்னி கார்’ங்கிற பேரே பிறந்தது.

இப்போ கமாரோவுக்கு வருவோம். வீட்டு ஷெட்டுல வேலை பார்க்கிறவங்க வழக்கமா செய்யறது இதுதான்: வி8 ஸ்பிரிங்கை எடுத்துட்டு ஆறு சிலிண்டர் மாடலோட மென்மையான ஸ்பிரிங், சுலபமா நீண்டு மெதுவா அமுங்குற ‘90/10’ ஷாக் அப்சார்பர், முன் ஆன்ட்டி-ரோல் பாரைக் கழட்டுறது, அப்பர் ஆர்ம் கீழே இறங்கும்போது தடுக்கிற ரப்பர் பம்பரை வெட்டி எறியறது. கடைசியா சொன்னதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கலை. அந்த ரப்பர் போனா, ஆர்மை நிறுத்துற வேலை ஷாக் அப்சார்பர் மேலேயோ பால் ஜாயிண்ட் மேலேயோ விழும். பால் ஜாயிண்ட் ஒரு கோணத்துக்கு மேல சாயாது. சாய வெச்சா அதோட ஸ்டட் ஓரத்துல இடிக்கும், ஒருநாள் முறியும். கூடுதல் டிராவல் வேணும்னா பம்பரைக் குறைச்சுப் போடலாம், இல்லைன்னா நல்ல ஸ்டிராப் கட்டலாம். தடுப்பே இல்லாம விடக்கூடாது.

சரி, காஸ்டர். சைக்கிளைப் பக்கவாட்டுல பாருங்க. ஹேண்டில்பார் திரும்புற அச்சைத் தரை வரைக்கும் நீட்டினா, அது டயர் தரையைத் தொடுற இடத்துக்கு முன்னால போய் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். கையை விட்டாலும் சைக்கிள் நேரா போறதுல அதுக்குப் பெரிய பங்கு. கார்ல அந்த அச்சு மேல் பால் ஜாயிண்டையும் கீழ் பால் ஜாயிண்டையும் இணைக்கிற கோடு. அது எவ்வளவு பின்பக்கம் சாய்ஞ்சிருக்குங்கிறதுதான் காஸ்டர். பழைய கமாரோவுல கம்பெனி வெச்ச காஸ்டர் அரை டிகிரி அளவுதான். அந்தக் காலத்து பயஸ்-பிளை டயருக்கு அது போதும், பவர் இல்லாத ஸ்டீயரிங்கும் லேசா இருக்கும். 33 செ.மீ. ஆரமுள்ள டயருக்கு அரை டிகிரின்னா டிரெயில் வெறும் 3 மி.மீ. 5 டிகிரின்னா 29 மி.மீ.

இப்போ வண்டியை ஓட்டிப் பார்ப்போம். புறப்படும்போது மூக்கு 10 செ.மீ. எழும்புது. மொத்த பாடியும் 2 டிகிரி பின்னால சாயுது, காஸ்டரும் அதே அளவு கூடுது. டிரைவர் ‘அருமையா நேரா போகுதே’ம்பார். கோட்டைத் தாண்டி பிரேக் மிதிக்கிறார். முன்பக்கம் 5 செ.மீ. அமுங்குது, பின்பக்கம் 4 செ.மீ. எழும்புது. ஆறு சிலிண்டர் ஸ்பிரிங் போட்டாச்சு இல்லையா, தாராளமாவே அமுங்கும். இது கிட்டத்தட்ட 2 டிகிரி முன்சாய்வு. அரை டிகிரியில ஆரம்பிச்ச காஸ்டர் இப்போ மைனஸ் ஒன்றரை. அப்பர் ஆர்ம் பொருத்தின சாய்வைப் பொறுத்து இது கொஞ்சம் கூடும், குறையும். ஆனா திசை மாறாது. சைக்கிள் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டின கதைதான். முன்சக்கரத்து மேல அதிக பாரம், அதிக வேகம், அந்த நேரத்துல போய் ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வர மறுக்குது.

அதனாலதான் இந்த மாதிரி வண்டிகளுக்கு நின்ன நிலையிலேயே 4 முதல் 6 டிகிரி வரை காஸ்டர் வைக்கிறாங்க. அப்பர் ஆர்மோட முன் போல்ட், பின் போல்ட்ல இருக்கிற ஷிம் கணக்கை மாத்தினா கொஞ்சம் வரும். மிச்சத்துக்கு, பால் ஜாயிண்ட் பின்னால தள்ளி அமைஞ்ச வேற அப்பர் ஆர்ம் வாங்கித்தான் ஆகணும்.

இங்கேதான் ஒரு கொக்கி. காஸ்டர் கூட்டும்போது ஸ்பிண்டில் மொத்தமா பின்பக்கம் சாயுது. ஸ்டீயரிங் ஆர்ம் அச்சுக்குப் பின்னால இருக்குன்னு சொன்னேனே, அதோட முனை கீழே இறங்கும். ஆர்ம் 14 செ.மீ. நீளம்னு வெச்சா, நாலரை டிகிரிக்கு 11 மி.மீ. இறக்கம். டை ராடோட வெளிமுனை அவ்வளவு தாழ்ந்துடுது. கம்பெனி போட்டுக் கொடுத்த கணக்கு அதோட போச்சு. இப்போ சக்கரம் கீழே தொங்கும்போது டை ராடோட வெளிமுனை தேவைக்கு மேல உள்ளே இழுக்கும், சக்கரத்தோட பின்பக்கம் உள்ளே வரும், ரெண்டு சக்கரமும் டோ-அவுட் ஆகும். இதுக்குப் பேருதான் பம்ப் ஸ்டீயர்.

ரெண்டு பக்கமும் ஒரே அளவு டோ-அவுட் ஆனா டயர் தேயும், வண்டி கொஞ்சம் அலையும். நிஜத்துல ஒரே அளவு ஆகாது. எஞ்சின் டார்க்கோட எதிர்வினையால இந்தக் கார்கள்ல இடது முன்பக்கம்தான் அதிகமா எழும்பும். ஒரு சக்கரம் அதிகமா திரும்பும், இன்னொண்ணு குறைவா. ஸ்டீயரிங்கை அசைக்காமலே வண்டி திரும்பப் பார்க்கும். கியர் மாத்தும்போது மூக்கு திடீர்னு இறங்கும். திரும்பினது எல்லாம் ஒரு நொடியில பழைய இடத்துக்கு வரும். அப்போ டிரைவர் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் கொஞ்சம் திருப்பி வெச்சிருந்தார்னா அவ்வளவுதான்.

அளக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை. ஸ்பிரிங்கைக் கழட்டிடுங்க, காரை ஸ்டாண்டுல நிறுத்துங்க, ஸ்டீயரிங்கைக் கட்டிப் போடுங்க. ஹப்புல ஒரு லேசர் பாயிண்டரை ஒட்டி 3 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல புள்ளி விழ வைங்க. ஜாக் வெச்சுச் சக்கரத்தை 25 மி.மீ. 25 மி.மீ.-ஆ ஏத்தி இறக்கி ஒவ்வொரு தடவையும் புள்ளியைக் குறிங்க. பக்கவாட்டுல 5 மி.மீ. நகர்ந்தா டோ 0.1 டிகிரி மாறியிருக்கு. அச்சுக்குப் பின்னால லிங்கேஜ் இருக்கிற வண்டி, இறங்கும்போது டோ-அவுட் ஆகுதுன்னா, டை ராடோட வெளிமுனையை மேலே ஏத்தணும். கம்பெனி டை ராட் எண்டுக்குப் பதிலா ராட் எண்டும் நீளமான போல்ட்டும் போட்டு, நடுவுல ஸ்பேசரை மாத்தி மாத்திப் பாருங்க. மேலேயும் கீழேயும் முழு டிராவலுக்கும் சரியா வராது. எதை விட்டுக்கொடுக்கிறதுன்னு கேட்டா, பிரேக் மிதிக்கும்போது சக்கரம் இருக்கிற அந்த 5 செ.மீ.-யை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்கன்னு சொல்வேன்.

கேம்பர் பத்தி அதிகம் பேச வேண்டியதில்லை. ஷெல்பி ஜிடி350 மஸ்டாங்ல அப்பர் ஆர்மோட உள்முனையை ஒரு இன்ச் கீழே இறக்கினது பிரபலமான வேலை, ஆனா அது வளைவுகளுக்காகச் செஞ்சது. நேர்க்கோட்டுல ஓடுற வண்டிக்கு அதைக் காப்பியடிச்சுச் சட்டத்துல புதுசா ஓட்டை போடத் தேவையில்லை.

வேலையோட வரிசை முக்கியம். முதல்ல உயரம், அப்புறம் காஸ்டர், அப்புறம் பம்ப் ஸ்டீயர், டோ கடைசியா. டோவை 1.5 மி.மீ. உள்நோக்கி வைங்க, ஏன்னா பிரேக் போடும்போது ரப்பர் புஷ் அமுங்கிச் சக்கரம் வெளிப்பக்கம் விரியும். டிரைவர் சீட்டுல அவரோட எடைக்கு மணல் மூட்டை வெச்சுட்டுத்தான் இதெல்லாம் அளக்கணும். ஒவ்வொரு தடவை ஷிம் மாத்தினதும் காரை முன்னும் பின்னும் சில அடி உருட்டிட்டு மறுபடி அளங்க. ஜாக்கிலிருந்து இறக்கின உடனே டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு உண்மையான உயரத்துக்கு வராது.