ஆளில்லாக் கடையில் கடனுக்கு வியாபாரம்

“சேர், இதுல கம்பனியும் இல்ல, முதலாளியும் இல்ல. அப்ப ஏமாத்துறதுக்கு யாரு இருக்கா?” எனது பழைய மாணவர் ஒருவர் கேட்டார். அவர் போட்ட 50,000 ரூபாவும் ஒரே இரவில் போயிருந்தது. அவரை யாரும் ஏமாற்றவில்லை. அந்தத் தளம் அமைக்கப்பட்டிருக்கும் விதமே அப்படி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 20 மடங்கு ‘லெவரேஜ்’ என்றால், 50,000 ரூபாவைப் பிணையாக வைத்து 10 இலட்சத்துக்கு வியாபாரம் செய்வது. விலை 5 வீதம் இறங்கினால் முழுப் பிணையும் காலி. அதற்குச் சற்று முன்னரே கணினி நிரல் கணக்கை மூடிவிடும். காலையில் விலை ஏறினாலும் பயனில்லை.

இவ்வகைத் தளங்களில் 2021இல் ஆரம்பமான ஜிஎம்எக்ஸ் பிரபலமானது. அதன் முதல் வடிவமைப்பில் வாங்குபவருக்கு எதிரே விற்பவர் இல்லை. பலர் பணமிட்ட ஒரு பொதுக் குளமே இருந்தது. நீங்கள் வென்றால் குளம் நட்டப்படும், தோற்றால் குளம் இலாபமடையும். கடனுக்கான கட்டணமும் மணித்தியாலக் கணக்கில் அறவிடப்பட்டது. அது வட்டியாகுமா என்பதை உலமாக்களிடம் கேட்டறிவது நமது பொறுப்பு.

விலையோ வெளிச் சந்தைகளிலிருந்து எடுக்கப்பட்டது. எவ்வளவு பெரிய தொகைக்கும் அதே விலை என்பது கவர்ச்சியான ஏற்பாடு. ஆனால் 2022 செப்டெம்பரில் ஒருவர் அவலாஞ்ச் நாணயத்தின் வெளிச்சந்தை விலையை அசைத்து, குளத்திலிருந்து ஐந்து இலட்சம் டொலருக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டார். அதன் பின்னரே அந்த நாணயத்துக்கு உச்சவரம்பு வந்தது.

ஹைப்பர்லிக்விட் தளம் வேறு வழியில் சென்றது. அங்கே வாங்குவோரும் விற்போரும் நேரடியாகப் பொருந்தும் கட்டளைப் புத்தகம் உண்டு. எனினும் 2025 மார்ச்சில், ஜெல்லி என்ற நாணயத்தால் தளத்தின் பொது நிதியம் பெரும் நட்டத்தை நெருங்கியபோது, வலையமைப்பை இயக்குவோர் வாக்களித்து அந்த நாணயத்தை நீக்கினர். சந்தையில் இருந்ததைவிடக் குறைந்த விலையில் கணக்குகளும் முடிக்கப்பட்டன.

ஆக, ஆளில்லாத கடை என்று ஒன்றில்லை. விதியை எழுதியவரும் இருக்கிறார், அவசரத்தில் மாற்றுபவரும் இருக்கிறார். நட்டப்பட்டவர் முறையிட ஒரு கதவுதான் இல்லை. இலங்கை மத்திய வங்கியும் மெய்நிகர் நாணயங்கள் குறித்துப் பல தடவைகள் எச்சரித்துள்ளது.

பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் இந்தச் செயலிகளைக் கண்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து அந்த 5 வீதக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.