காது ஏன் சுடுகிறது?

பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனத்துக்கு பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படியில் கால் வைத்ததும் செருப்பு வார் அறுந்துபோச்சு. ஊக்கு குத்திச் சமாளித்தாயிற்று. ஆனாலும் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் உங்கள் காலையே பார்ப்பதுபோல இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, காது சுடுகிறது, கால் தானாகவே சீட்டுக்கு அடியில் ஒளிகிறது.

இதுதான் கூச்சம். வேடிக்கையான சொல் இது. வெயிலில் கண் கூசும். ஐஸைக் கடித்தால் பல் கூசும். விலாவில் யாராவது விரல் வைத்தால் உடம்பு கூசும். உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள், கூசாது! உங்கள் விரல் எங்கே தொடப்போகிறது என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அடுத்தவர் விரல்தான் வேண்டும். மனசு கூசுவதற்கோ அடுத்தவர் கண் வேண்டும். வீட்டில் தனியாக இருக்கும்போது அறுந்த செருப்புக்கு யார் கூசுகிறார்கள்?

கூச்சம் வந்ததும் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. முகத்திலும் காதிலும் ரத்தக் குழாய்கள் விரிந்து சூடான ரத்தம் பாய்கிறது. முகம் சிவப்பதைப் பற்றியே சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதினார். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பது ஒரு வசதி!

கைக்குழந்தைக்கு இந்தத் தொல்லை கிடையாது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டோடு ஊரெல்லாம் சுற்றிவரும். 1972-ல் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் குழந்தைகளின் மூக்கில் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டார். சின்னக் குழந்தைகள் உள்ளே இன்னொரு பாப்பா இருப்பதாக நினைத்து விளையாடின. ஒன்றரை, இரண்டு வயது ஆனவர்கள்தான் தங்கள் மூக்கைத் தொட்டார்கள். ‘இது நான்’ என்று தெரிந்த பிறகுதானே ‘என்னைப் பார்க்கிறார்கள்’ என்று தோன்றும்?

சரி, நிஜமாகவே பார்க்கிறார்களா? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் இதைச் சோதித்து 2000-ல் வெளியிட்டார்கள். ஒரு பாடகரின் படம் போட்ட டி-சட்டையை மாணவர்களுக்கு மாட்டிவிட்டார்கள். போட்டுக்கொள்ளவே வெட்கப்படும் சட்டை! அந்தச் சட்டையோடு, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்களோ கால்வாசிப் பேர்தான். மற்றவர்களுக்கு அவரவர் கவலை.

நாளைக்குக் காலையில் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்து வகுப்புக்கு வந்ததும், உங்களுக்கு முன்னால் நின்றவர் என்ன செருப்பு போட்டிருந்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்களேன்.