ஆகாயப் பாதை – 12: தரை தொட்ட பிறகு

மதுரை ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். சென்னையிலிருந்து வரும் ஏ320 சுமார் 60 டன் எடையோடு, மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அதில் இறங்குகிறது. பாதையின் விளிம்பிலேயே சக்கரம் படாது. ஏறத்தாழ 300 மீட்டர் உள்ளே தெரியும் வெள்ளைப் பட்டைகளைக் குறிவைத்து விமானி வருவார். மிச்சத்தில்தான் நிற்க வேண்டும்.

பிரேக்தான் நிறுத்துகிறது என்று நினைக்கிறோம். ஆனால் முதல் வேலை இறக்கையில் நடக்கிறது. தரை தொட்ட நொடியிலும் இறக்கை விமானத்தைத் தூக்கிக்கொண்டேதான் இருக்கும்; சக்கரத்தின்மேல் பாரம் அதிகம் இருக்காது. பாரமில்லாத சக்கரத்தைப் பிடித்தால் டயர் வழுக்கும். அதனால் இறக்கையின் மேல்பக்கத் தகடுகள் சட்டென்று நிமிர்கின்றன. ஸ்பாய்லர் என்று பெயர். இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அவசியம் பாருங்கள். தூக்குவிசை அறுந்து பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் பிரேக் பிடிக்கும். அதுவும் பின்னால் உள்ள பிரதான சக்கரங்களில் மட்டும். ஏ320-இன் மூக்குச் சக்கரத்துக்கு பிரேக் கிடையாது.

கூடவே எழும் இரைச்சல், ரிவர்ஸ். எஞ்சின் தள்ளும் காற்றை முன்பக்கம் திருப்பிவிடுவது. சத்தம் பெரிது, பங்கு சிறிது. காய்ந்த பாதையில் நிற்கும் தூரத்துக்குச் சான்று தரும்போது ரிவர்ஸைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மழையில் பிரேக்கின் பிடி தளரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஜெட் விமானம் கிளம்பும் முன்பே ஒரு கணக்கு போட்டாக வேண்டும்: இறங்கும் ஊரின் ஓடுபாதையில் 60 சதவீதத்துக்குள் நிற்க முடியுமா? மதுரைக்கு அது 1,371 மீட்டர். பாதை நனைந்திருக்குமென்றால் தேவையான நீளத்தோடு இன்னும் 15 சதவீதம் கூட்ட வேண்டும். காற்றையும் பார்க்க வேண்டும். நம் பாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடியில் மேற்குக் காற்று அடிக்கும்போது கிழக்கிலிருந்து வந்து எதிர்காற்றில் இறங்குவதுதான் முறை. 10 நாட் காற்று பின்னாலிருந்து தள்ளினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் கொட்டும் மழை, பின்காற்று. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பாதையில் பாதியைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. மலைமேட்டின் விளிம்பு தாண்டிக் கீழே விழுந்து 21 பேர் மாண்டார்கள்.

மெத்தென்று இறக்கினால் பயணிகள் கைதட்டுகிறார்கள். அந்த மென்மைக்காக மிதக்கும் ஒவ்வொரு நொடிக்கும் கிட்டத்தட்ட 70 மீட்டர் பாதை போய்விடுகிறது. மழை நாளில் குறித்த இடத்தில் 'தொம்'மென்று இறக்கி, தேங்கிய நீரைக் கிழித்து டயரைத் தரையில் பதிக்கும் விமானிக்கே என் கைதட்டல்.

நின்ற பிறகு, அத்தனை வேகமும் பிரேக் வட்டுகளில் சூடாகத் தங்கியிருக்கும். ஏ320-இல் அது 300 டிகிரிக்குக் கீழே வராமல் மறுபடி கிளம்பக் கூடாது. மதுரையின் சித்திரை வெயிலில் அதை எப்படி ஆற்றுகிறார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.