காவல் கேமரா கட்சி மாறிய நாள்

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பலருக்கு ட்விட்டர் திறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸும் ஸ்பாட்டிஃபையும் தடுமாறின. இணையதளப் பெயரைச் சரியான எண் முகவரியோடு சேர்த்துவைக்கும் 'டைன்' என்ற நிறுவனத்தின் சர்வர்களை ஏராளமான கருவிகள் ஒரே நேரத்தில் முற்றுகையிட்டிருந்தன.

முற்றுகையிட்டவற்றுள் பல, திருடனைப் பிடிப்பதற்காக வீட்டிலும் கடையிலும் மாட்டிவைத்த சிசிடிவி கேமராக்களும் டிவிஆர் பெட்டிகளும்தான்!

அவற்றைக் கட்சி மாற்றியது 'மிராய்' என்ற வைரஸ் நிரல். அதன் வித்தை ஒன்றும் பெரிதல்ல. இணையத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டும். 'அட்மின்', '12345' என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிய பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளில் சுமார் 60-ஐ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்தினால் போதும், உள்ளே நுழைந்துவிடும். கேமரா வழக்கம்போலப் படம் காட்டிக்கொண்டிருப்பதால் கடைக்காரருக்குச் சந்தேகமே வராது. அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும்; பழைய பாஸ்வேர்டே இருந்தால் சில நிமிடங்களில் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஏதோ ஒரு நாட்டு அரசின் கைவேலை என்று அப்போது சிலர் ஊகித்தார்கள். மிராயை எழுதியதாக 2017-ல் ஒப்புக்கொண்டவர்களோ மூன்று அமெரிக்க இளைஞர்கள். 'மைன்கிராஃப்ட்' விளையாட்டு சர்வர்களின் வியாபாரப் போட்டியில் தொடங்கிய வேலை அது. நிரலைப் பொதுவெளியில் போட்டுவிட்டதால் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், சுலபமாக ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்கச் சட்டம் தடை போட்டிருக்கிறது. ஏற்கெனவே சுவரில் தொங்கும் கேமராவுக்குப் பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் அதன் சொந்தக்காரர் பொறுப்பு.