பெட்டியில் தூங்கும் ஹஜ் பணம்
(நமது தங்கவயல் நிருபர்)

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். கந்தூரி சமயத்தில் மட்டும் "நாகூருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டு வருவோர் உண்டு. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களில் அடக்கம்.

ஒரு நாள் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் வந்தார். அவர் கேட்டது நாகூர் அல்ல, மக்கா.

"தம்பி, ஹஜ்ஜுக்குன்னு கொஞ்சம் பணம் சேர்த்து வெச்சிருக்கேன். வட்டி எனக்கு ஆகாது. கம்பெனியில போடப் பயமா இருக்கு. டிரங்குப் பெட்டியிலேயே கிடக்குது. எங்கே போடலாம்?" என்றார்.

டிக்கெட் கொடுக்கிறவனிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. "விசாரிச்சுச் சொல்றேன் பாய்" என்று அனுப்பி வைத்தேன்.

அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் கைக்கு வந்த தொகையைக் காப்பாற்றுவதே பல வீடுகளில் பெரும்பாடு. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவன விவகாரம் வெடித்தது. 'ஹலால் முதலீடு' என்று நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் புகார் மனுவுடன் வரிசையில் நின்றார்கள். மகள் கல்யாணத்துக்கும், ஹஜ்ஜுக்கும் சேர்த்த பணம் அது.

மலேசியா கண்ட வழி

இதே கவலை மலேசியாவில் 60 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. கிராமத்து மக்கள் தலையணைக்கு அடியில் பணம் சேர்ப்பார்கள். போதாவிட்டால் நிலத்தையும் மாட்டையும் விற்பார்கள். ஹஜ் முடித்துத் திரும்பும்போது வீட்டில் ஒன்றும் இருக்காது.

இதைக் கண்ட பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959-ல் அரசுக்கு ஒரு திட்டம் கொடுத்தார். 1963-ல் சேமிப்பு நிறுவனம் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர். அவர்கள் போட்ட பணம் 46,600 வெள்ளி. 1969-ல் இந்த நிறுவனமும், பினாங்கில் 1951 முதல் இயங்கிய ஹஜ் அலுவலகமும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பணம் சேர்க்கும் இடமும், பயணம் அனுப்பும் இடமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. அதுதான் இன்றைய 'தாபோங் ஹாஜி'. 'தாபோங்' என்றால் நம் ஊர் உண்டியல்!

இன்று அதில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கு வைத்திருக்கிறார்கள். வட்டி கிடையாது. தொழிலில் வரும் லாபத்தில் பங்கு. அதிலிருந்து ஜகாத் என்ற ஏழைவரியையும் நிறுவனமே செலுத்திவிடுகிறது. சேமிப்பு, தருமம், பயணம் மூன்றும் கைகோத்து நடக்கின்றன.

அங்கும் குறை இல்லாமல் இல்லை. சொத்தைவிடக் கடன்பொறுப்பு அதிகம் என்று 2018-ல் தெரிய வந்தது. அரசு தலையிட்டுச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனம் ஆனாலும் கணக்கைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

வழிப்போக்கருக்கும் பங்கு

ஜகாத் பெறத் தகுந்தவர்கள் என்று திருக்குர்ஆன் எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழைகள், கடன்பட்டோர் ஆகியோருடன் வழிப்போக்கரும் அதில் உண்டு. தருமமும் பயணமும் அன்றே சேர்ந்தவை.

இதற்கு அத்தாட்சி சென்னை சென்ட்ரலுக்கு எதிரிலேயே நிற்கிறது. மேல்விஷாரம் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் (1863-1938) கட்டிய சித்தீக் சராய் அது. ரயிலில் வந்து இறங்கும் ஏழைப் பயணி எங்கே படுப்பான் என்று ஒரு செல்வர் யோசித்ததால் எழுந்த கட்டடம்.

நம் நாட்டில் ஹஜ் கமிட்டி இருக்கிறது. பெங்களூரில் ஹஜ் பவன் இருக்கிறது. வக்பு வாரியம் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஜமாத்தும் இருக்கிறது. ஆனால் சிறுகச் சிறுகச் சேமிக்கும் கூலிக்காரருக்கு இவையெல்லாம் சேர்ந்து ஒரு வழி காட்டவில்லை. ஹஜ் மானியத்தைப் படிப்படியாக நிறுத்தும்படி 2012-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2018-ல் அது நின்றும் விட்டது. இனி அவரவர் சேமிப்புதான் கதி.

பெரியவர் மறுபடி வந்தபோது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஹஜ் கமிட்டிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், பணத்தைத் தவணையாகக் கட்டலாம். தனியார் மூலம் போவதானால், அந்த நிறுவனம் மத்திய அரசில் பதிவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

"சேர்ந்து முடியற வரைக்கும் எங்கே வெக்கிறது தம்பி?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜமாத்துப் பெரியவர்களும், ஹஜ் கமிட்டியும், வக்பு வாரியமும் சேர்ந்து உட்கார்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. பெட்டியில் பணம் காத்திருக்கும். பெரியவருடைய வயது காத்திருக்குமா?